தடிமனுக்கு மல்லித் தண்ணி, காய்ச்சலுக்கு என்ன? மாரி காலமும் எங்கள் வீட்டு மருந்தும்

கார்த்திகை பிறந்து மழை இறுகியதும் வடக்குக் கிழக்கில் இரண்டு விடயங்கள் ஒன்றாகத் தொடங்கிவிடும். ஒன்று தடிமன், இருமல், காய்ச்சல். மற்றையது, எந்த இலையை அவித்துக் குடித்தால் மூன்று நாளில் சுகம் வரும் என்று கைபேசிகளில் சுற்றும் செய்திகள். சென்னையில் பதிவான காணொளி லண்டனில் இருக்கும் மச்சாளுக்குப் போய், அங்கிருந்து பரந்தனில் இருக்கும் மாமிக்கு வந்து சேர்கிறது. மாமி அதைப் பார்த்து அடுப்பை மூட்டுகிறார்.

இதை ஏளனம் செய்வதற்காக நான் எழுதவில்லை. மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த தண்ணியைக் குடித்து வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் கடந்த சில ஆண்டுகளாக மாரி காலத்துச் செய்திகளைத் தொடர்ந்து பார்த்துவருகையில் ஒரு கேள்வி எழுகிறது. வீட்டு மருந்து எங்களுக்கு உதவும் இடம் எது? அது எங்களை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தாமதப்படுத்தும் இடம் எது? அந்தத் தாமதத்தால் யாருக்கு இலாபம்? இது சமையலறைக்குள் மட்டும் பேசி முடிக்கும் கேள்வி அல்ல. இதற்குள் அரசியலும் இருக்கிறது.

2024 மார்கழி சொன்ன பாடம்

2024 நவம்பர் இறுதியில் பெங்கல் புயலையொட்டிப் பெய்த மழை வடக்கை வெள்ளக்காடாக்கியது. வெள்ளம் வடியத் தொடங்கிய நாட்களில் யாழ்ப்பாணத்தில், குறிப்பாக வடமராட்சிப் பக்கத்தில், காய்ச்சலோடு வந்தவர்கள் சில நாட்களுக்குள் மூச்சுத்திணறி இறந்த செய்திகள் வெளிவந்தன. ஊடகங்கள் முதலில் அதற்கு 'மர்மக் காய்ச்சல்' என்று பெயர் வைத்தன. டிசெம்பர் நடுப்பகுதிக்குள் ஏழு பேரளவில் இறந்திருந்தார்கள். பரிசோதனைகளின் பின்னர் அது எலிக்காய்ச்சல் என்று சுகாதாரத் துறையினர் தெரிவித்தனர்.

எலிக்காய்ச்சலில் மர்மம் எதுவும் இல்லை. எலியினதும் கால்நடைகளினதும் சிறுநீர் கலந்த வெள்ளத்தில், சேற்றில், வயலில் நிற்கும்போது காலில் உள்ள சிறு காயத்தினூடாக உள்ளே போகும் ஒரு பக்ரீரியாவே காரணம். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்தே அதைக் கட்டுப்படுத்தும். வயலில் இறங்குமுன் எடுக்கவேண்டிய டொக்ஸிசைக்கிளின் குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் இலவசமாகவே கொடுக்கின்றன.

பிரச்சினை என்னவென்றால், முதல் இரண்டு நாட்களில் அந்தக் காய்ச்சலுக்கும் சாதாரண சளிக்காய்ச்சலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. உடம்பு உளைவு, தலையிடி, நடுக்கம், காய்ச்சல். டெங்கும் அப்படித்தான் தொடங்கும். 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000 பேர் வரையில் டெங்கினால் பாதிக்கப்பட்டு, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். மழை பெய்யும் இந்த மாதங்களே யாழ்ப்பாணத்தில் டெங்கு ஏறும் மாதங்கள். இலங்கையில் சளிக்காய்ச்சல் வைரஸ் பரவும் இரண்டு பருவங்களில் ஒன்றும் இதுதான். மற்றையது சித்திரைக்குப் பிந்திய மாதங்கள். ஆக, ஒரே வாரத்தில், ஒரே தெருவில், ஒரே மாதிரித் தொடங்கும் மூன்று காய்ச்சல்கள். ஒன்று தானாகவே மாறும். மற்ற இரண்டும் ஆளைக் கொல்லக்கூடியவை. மூன்றுக்கும் அடுப்பில் ஏறுவது ஒரே மல்லித் தண்ணி.

எங்களுக்கு அது வெறும் பழக்கம் அல்ல

"இவ்வளவு தெரிந்தும் ஏன் சனம் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை?" என்று தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த வைத்தியர்கள் சிலர் கேட்பதுண்டு. அவர்கள் கேட்பதில் தவறில்லை. ஆனால் பதில் எங்கள் கடந்த காலத்தில் இருக்கிறது.

1990 இற்குப் பிறகு வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த காலம் அது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுப் படித்த காலம். மருந்துப் பொருட்களும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியோடுதான் வந்துசேர்ந்தன. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பின் வன்னிக்குப் போனவர்களுக்குக் காய்ச்சல் என்றாலே மலேரியாதான். குளிசை கிடைக்காதபோது வேப்பம்பட்டையும் நிலவேம்பும் அவிந்தன. 2006 ஓகஸ்ட்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணம் மறுபடியும் அதே நிலைக்குப் போனது. 2008 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் பணியாளர்களும் தொண்டு நிறுவனங்களும் வன்னியைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த சில மாதங்களில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை உட்பட, நோயாளர்கள் படுத்திருந்த இடங்கள் மீதே எறிகணைகள் விழுந்தன.

அதன் பிறகு மெனிக் பாம். ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்ட முகாம்களில் செங்கமாரியும் கொப்பளிப்பானும் பரவின. ஒரு கூடாரத்தில் ஒருவருக்குத் தடிமன் வந்தால் வரிசை முழுவதும் இருமியது. அங்கே கொஞ்சம் மிளகும் உள்ளியும் கிடைத்த குடும்பம் அதிர்ஷ்டமான குடும்பம்.

இந்த வரலாற்றிலிருந்து எங்கள் சனம் இரண்டு பாடங்களைப் படித்தது. ஆஸ்பத்திரி என்பது எப்போதும் பாதுகாப்பான இடமல்ல என்பது ஒன்று. தாங்கிக்கொள்ள முடிந்ததைத் தாங்கிக்கொள்ளவேண்டும் என்பது மற்றையது. அந்தப் பாடங்கள் அன்று பலரின் உயிரைக் காப்பாற்றின. இன்று அதே பாடங்கள் சிலரின் உயிரை எடுக்கின்றன. போர் முடிந்தாலும் போரில் பழகிய பொறுமை உடம்பைவிட்டுப் போகவில்லை.

இதற்கு மேலே வறுமை இருக்கிறது. முல்லைத்தீவின் உட்கிராமம் ஒன்றில் கணவனை இழந்து, கூலி வேலையில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு பெண் என்னிடம் கணக்குச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய நாட்கூலி இல்லை. பஸ் காசு வேறு. வெளியில் இரத்தம் சோதிக்கச் சொன்னால் அதற்கும் காசு. மல்லித் தண்ணிக்குச் செலவு ஒரு கைப்பிடி மல்லி. "காய்ச்சல் நாலாம் நாளும் நிண்டால் பாப்பம் எண்டு விடுறதுதான்" என்றார். அறியாமை என்று இதைச் சொல்லமுடியாது. கையில் இருக்கும் காசுக்குள் போடப்பட்ட கணக்கு இது.

எது உதவும், எது உதவாது

சாதாரண தடிமனை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறுக்கு மேல் உள்ளன. அவற்றைக் கொல்லும் மருந்து ஆங்கில வைத்தியத்திலும் இல்லை, எங்கள் வைத்தியத்திலும் இல்லை. ஒரு வாரம், பத்து நாளில் உடம்பே அதை வென்றுவிடும். அதுவரை ஆளைச் சுகமாக வைத்திருப்பதுதான் வீட்டு மருந்தின் வேலை. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது.

மல்லி, வேர்க்கொம்பு, மிளகு சேர்த்த சூடான குடிநீர் தொண்டைக்கு இதம் தரும். உடம்புக்குத் தேவையான நீரையும் கொடுக்கும். உள்ளி, மிளகு, நற்சீரகம் தட்டிப்போட்ட இரசமும் அப்படித்தான். உப்புத் தண்ணியில் கொப்பளித்தால் தொண்டை நோ குறையும். தேன் இருமலைத் தணிக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. 2018 இல் பிரித்தானிய சுகாதார வழிகாட்டிகளே சாதாரண இருமலுக்கு நுண்ணுயிர்க்கொல்லி கேட்டு ஓடாமல் முதலில் தேனைப் பாவியுங்கள் என்று சொல்லின. எங்கள் அப்பாச்சிமார் சொன்னதை லண்டனில் இருக்கும் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாசித்தார்கள். ஆனால் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கொடுக்கக்கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை பக்ரீரியா குழந்தையின் குடலில் வளர்ந்து உடலைச் செயலிழக்கச் செய்யலாம். நாக்கில் தேன் தொட்டுவைக்கும் வழக்கம் உள்ள வீடுகள் இதைக் கவனிக்கவேண்டும்.

நொச்சியிலை போட்டு ஆவி பிடித்தால் மூக்கடைப்புக் கொஞ்ச நேரத்துக்கு இளகும். நோய்க்காலத்தை அது குறைப்பதில்லை. சிறிய வீட்டில், நிலத்தில் கொதிக்கும் பானையை வைத்துச் சிறு பிள்ளையைப் போர்வைக்குள் இருத்துவது எரிகாயத்தில் முடியலாம். கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துக் கைக்குழந்தையின் நெஞ்சிலும் மூக்கிலும் பூசுவதும் ஆபத்து. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் கற்பூரத்தைக் கொண்டுபோகவே வேண்டாம்.

மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை என்ற பேச்சும் சரியல்ல. ஆடாதோடை இருமலுக்கு நல்லது; அதே இலை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும். பனங்கட்டி சேர்த்த குடிநீரை நாளுக்கு நாலு தரம் குடிக்கும் சலரோகக்காரர் தன் சீனியின் அளவைப் பார்க்கவேண்டும். இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர்கள் உள்ளியையும் இஞ்சியையும் மருந்தளவில் எடுக்குமுன் வைத்தியரிடம் கேட்கவேண்டும். பரியாரிமார் இதையெல்லாம் தெரிந்துதான் ஆளுக்கு ஏற்ற அளவில் கொடுத்தார்கள். செகராசசேகரம், பரராசசேகரம் போன்ற மருத்துவ நூல்களை ஆக்கிய மண் இது. காணொளியில் வரும் வைத்தியருக்கோ முன்னால் இருக்கும் ஆள் யார், அவருக்கு என்ன வருத்தம் என்று எதுவும் தெரியாது.

தேன் பாணியும் அமைச்சரும்

வீட்டு மருந்தை ஓர் அரசாங்கம் எப்படிப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதற்கு இந்த நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2020 டிசெம்பரில் கேகாலை மாவட்டத்தின் ஹெட்டிமுல்லவில் ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணி ஒன்றைக் கொரோனாவுக்கு மருந்து என்று அறிவித்தார். காளியம்மன் அருளிய மருந்து என்றும் சொன்னார். ஆயிரக்கணக்கானோர் இடைவெளியும் இல்லாமல் வரிசையில் நின்றார்கள். பாணி பாராளுமன்றம் வரை போனது. அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதை வெளிப்படையாகவே குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே கொரோனா தொற்று உறுதியானது. அவர் சிகிச்சை பெற்றது ஆஸ்பத்திரியில்.

அமைச்சருக்குப் பாணியும் இருந்தது, ஆஸ்பத்திரியும் இருந்தது. ஹெட்டிமுல்லவில் வரிசையில் நின்றவர்களுக்குப் பாணி மட்டும்தான் இருந்தது. அவர்களில் பெரும்பாலானோர் சிங்கள மக்கள். அரசு தன் கடமையைச் செய்யாதபோது ஏழைகள் போத்தலை நம்புகிறார்கள் என்பதில் இன வேறுபாடு இல்லை.

2022 இல் நாடு கடனைத் திருப்பிக் கொடுக்கமுடியாது என்று அறிவித்தபோது இதன் அடுத்த பக்கம் தெரிந்தது. இலங்கை தனக்குத் தேவையான மருந்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் இறக்குமதி செய்கிறது. டொலர் இல்லாதபோது மருந்தும் இல்லை. அந்த ஆண்டு மார்ச்சில் மருந்து விலையை 29 வீதத்தாலும், ஏப்ரல் இறுதியில் 60 வகை மருந்துகளின் விலையை 40 வீதத்தாலும் உயர்த்த அனுமதிக்கப்பட்டது. வைத்தியர்கள் வெளிநாடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் போன்ற மாவட்டங்களில் ஏற்கெனவே குறைவாக இருந்த ஆளணி மேலும் குறைந்தது. பிறகு தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு விவகாரம் வெளியே வந்து, 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல கைதுசெய்யப்பட்டார்.

இத்தகைய செய்திகளை வாசித்த ஒருவர் "ஆஸ்பத்திரி மருந்தைவிட மல்லி மேல்" என்று முடிவெடுத்தால் அவரில் பிழை காண்பது கடினம். ஆனால் அந்த முடிவு அரசாங்கத்துக்கு மிகவும் வசதியானது என்பதையும் நாங்கள் உணரவேண்டும். சனம் வீட்டிலேயே அவித்துக் குடித்துக்கொண்டிருந்தால் ஆஸ்பத்திரி வரிசை குறையும். வரிசை குறைந்தால் வைத்தியர் பற்றாக்குறை கணக்கில் தெரியாது. கேட்காதவர்களுக்கு எதுவும் கொடுக்கப்படுவதில்லை.

மல்லியும் கப்பலில்தான் வருகிறது

வீட்டு மருந்து எங்களைத் தன்னிறைவாக்கும் என்பதும் பாதி உண்மைதான். மல்லி, நற்சீரகம், உள்ளி ஆகியவற்றின் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. துறைமுகத்தில் அதற்கு வரி உண்டு. 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது நடந்ததை மறக்கமுடியாது. கொரோனா வந்து எல்லோரும் மஞ்சள் தேடிய நேரத்தில் ஒரு கிலோ பல ஆயிரம் ரூபாவுக்குப் போனது. இராமநாதபுரக் கரையிலிருந்து மன்னாருக்கும் கற்பிட்டிக்கும் படகுகளில் மஞ்சள் மூட்டைகள் கடத்தப்பட்டன.

இலவசமாகக் கிடைத்தவை முற்றத்து மூலிகைகள். நொச்சி, ஆடாதோடை, தூதுவளை, துளசி, கற்பூரவள்ளி எல்லாம் வேலியிலும் கிணற்றடியிலும் நின்றவை. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் காணியை இழந்து, முப்பது வருடம் முகாமிலும் வாடகை வீட்டிலும் இருந்தவர்களுக்கு வேலியும் இல்லை, கிணற்றடியும் இல்லை. காணி விடுபட்டு திரும்பிப் போனவர்கள் கண்டது பற்றைக்காடு. எந்தச் செடி எதற்கு என்று காட்டித்தரும் தலைமுறையும் இடையில் போய்விட்டது. ஆக, காணி விடுவிப்பு என்பது எங்கள் வைத்திய அறிவோடும் தொடர்புடைய கோரிக்கைதான்.

அடுப்பை நிறுத்தவேண்டிய நேரம்

வாசகர்கள் வெட்டி ஒட்டி வைக்கக்கூடியதாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். மூக்கால் ஓடும் தடிமனும் லேசான இருமலும் என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். காய்ச்சல் இருந்தால் ஓய்வு, நிறையத் தண்ணி, அளவான பரசிற்றமோல். வளர்ந்த ஒருவருக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 500 மில்லிகிராம் குளிசை இரண்டு; இருபத்துநாலு மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. டெங்கு இல்லை என்று தெரியும் வரை அஸ்பிரின், இபுபுரூபன் போன்ற நோக்குளிசைகளைத் தொடவேண்டாம். அவை இரத்தக்கசிவை அதிகரிக்கும். நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசையை மருந்தகத்தில் நீங்களாகவே கேட்டு வாங்கவேண்டாம். வைரஸ் தடிமனுக்கு அது வேலை செய்யாது.

காய்ச்சல் மூன்றாம் நாளும் நின்றால் நாலாம் நாளைப் பார்த்திருக்காதீர்கள். இரத்தப் பரிசோதனை அவசியம். டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம். "காய்ச்சல் விட்டிட்டுது, கசாயம் வேலை செய்திட்டுது" என்று நம்பும் அந்த நாளில்தான் சிலருக்கு இரத்த அழுத்தம் விழுகிறது. தொடர்ந்து வாந்தி, வயிற்று நோ, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் குளிர்தல், மயக்கம் என்றால் உடனே போகவேண்டும்.

வெள்ளத்திலோ வயலிலோ நின்றவருக்குக் காய்ச்சல் வந்து, கெண்டைக்கால் தசை நொந்து, கண் சிவந்து, சிறுநீர் குறைந்தால் அன்றே போங்கள். வெள்ளத்தில் நின்றதை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். மூச்சு எடுக்கச் சிரமப்படும் குழந்தை, பால் குடிக்காத குழந்தை, முட்டு வருத்தம் உள்ளவர், கர்ப்பிணி, முதியவர், போரில் நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ காயப்பட்டவர் ஆகியோருக்கு வீட்டில் வைத்துப் பார்க்கும் அவகாசம் குறைவு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் சளியைச் சோதிக்கவேண்டும். காசநோய்க்கான அந்தப் பரிசோதனையும் சிகிச்சையும் அரசாங்க மார்பு நோய் நிலையங்களில் இலவசம்.

நாங்கள் கேட்கவேண்டியது

தனிமனிதர் கவனமாக இருப்பதோடு இது முடியாது. மாரி தொடங்குமுன்பே வயல் கிராமங்களில் டொக்ஸிசைக்கிள் கொடுத்து முடிக்கவேண்டும்; இறப்புகள் செய்தியான பிறகு கொடுப்பது பிந்தியது. பிரதேச வைத்தியசாலைகளில் காய்ச்சல்காரருக்கான இரத்தப் பரிசோதனை அன்றன்றே, காசில்லாமல் செய்யப்படவேண்டும். நாட்கூலி இழக்கும் தாய்க்கு மாலையிலும் திறந்திருக்கும் காய்ச்சல் சிகிச்சைப் பிரிவு வேண்டும். சளிக்காய்ச்சல் தடுப்பூசி தேசிய நோய்த்தடுப்பு அட்டவணையில் இல்லை. முதியவர்களுக்கும் நாட்பட்ட நோயாளிகளுக்கும் அதை இலவசமாகக் கொடுப்பது பற்றி மாகாண சுகாதாரத் துறை பேசத் தொடங்கவேண்டும்.

சித்த வைத்தியத்துக்கு 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சட்ட அங்கீகாரம் இருக்கிறது. கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கற்கை இருக்கிறது. அங்கே படித்து வெளியேறும் வைத்தியர்களைக் கிராமங்களில் நியமித்தால், வீட்டு மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நின்று "இது மல்லிக்கு அடங்கும், இது அடங்காது" என்று சொல்ல எங்கள் மொழியில் ஓர் ஆள் கிடைப்பார். சித்தமும் ஆங்கில வைத்தியமும் ஒருவரையொருவர் பழித்துக்கொண்டிருக்கும் வரை அந்த இடத்தைக் கைபேசிக் காணொளிகள்தான் நிரப்பும்.

குண்டுக்குள்ளும் தடைக்குள்ளும் எங்களைத் தாங்கிய அறிவை நாங்கள் கைவிடத் தேவையில்லை. ஆனால் அன்று ஆஸ்பத்திரி இல்லாததால் அவித்தோம். இன்று ஆஸ்பத்திரி இருக்கிறது. அது குறையோடு இருந்தால் அந்தக் குறையைச் சொல்லிக் கேட்பதுதான் வழி. கேட்காமல் வீட்டில் இருந்து தாங்குவது அல்ல. இந்த மாரியில் உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் முதல் நாள் மல்லி அவியுங்கள். சுவரில் திகதியையும் எழுதிவையுங்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் நின்றால், அந்தத் திகதியைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.